இதயக் காப்பு

தேசப்பனின் இதயம் நன்றாக இருக்கிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் இந்தக் கதையில் வருகிற பெரிய மனிதர்கள் எல்லோரும் இதையேதான் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறார்கள். கடைசியில் அது வசவு மாதிரி கேட்க ஆரம்பித்தால் என்னைக் குற்றம் சொல்லக் கூடாது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கார் கதவுக்குத் தகடு அடிக்கிற கம்பெனி ஒன்றில் தேசப்பன் பிரஸ் ஓட்டுகிறவன். அந்த மெஷினில் இரண்டு பச்சை பட்டன்கள் உண்டு. வலது கைக்கு ஒன்று, இடது கைக்கு ஒன்று. இரண்டையும் ஒரே சமயத்தில் உள்ளங்கையால் அழுத்தினால்தான் மேலே இருக்கிற இரும்பு கீழே இறங்கும். கை எதுவும் அடியில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று யாரோ ஒரு புண்ணியவான் யோசித்துச் செய்த ஏற்பாடு. பட்டனை அழுத்தி அழுத்தி அவன் உள்ளங்கை இரண்டிலும் காப்புக் காய்த்திருந்தது. ஆனால் இத்தனை வருஷத்தில் அந்த மெஷினுக்கு அவன் ஒரு நகத்தைக்கூடக் கொடுத்ததில்லை. கையைக் கொடுப்பதற்கு அவன் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது.

ஒரு நாள் சாப்பாட்டு நேரம் முடிந்து வந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மெஷின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான். கூட வேலை செய்கிறவர்கள் ஒரு குட்டியானை வண்டியில் தூக்கிப் போட்டு, பைபாஸில் இருக்கும் அமுதநாடி இதய மையத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

அமுதநாடியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அந்தக் கட்டடமே இதய வடிவத்தில் கட்டப்பட்டது. வானத்திலிருந்து பார்த்தால் தெரியுமாம். தரையில் நிற்கிற நமக்கு அது கோணலாகப் போன கல்யாண மண்டபமாகத்தான் தெரியும். வரவேற்புக்கு ‘வலது மேலறை’ என்று பெயர், பணம் கட்டுகிற இடத்துக்கு ‘இடது கீழறை’. கதவுகளை வால்வு என்பார்கள். ஒரு பக்கமாகத்தான் திறக்கும். ரத்தம் ஓடுகிற திசையில்தான் நோயாளியும் நடக்க வேண்டும். மருந்துக் கடை முதுகுக்குப் பின்னாலேயே இருந்தாலும் திரும்பக் கூடாது, கட்டடம் முழுவதையும் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும். ஊழியர்கள் எல்லோரும் வலது கையை நெஞ்சில் வைத்து “இதய வணக்கம்” என்பார்கள். நாமும் வலது கையை நெஞ்சில் வைத்து “இதய வணக்கம்” சொன்ன பிறகுதான் மேற்கொண்டு பேச்சு. நெஞ்சுவலியோடு வருகிறவனின் கை ஏற்கெனவே அங்கேதான் இருக்கும் என்பதால் ஆரம்பத்தில் இது யாருக்கும் கஷ்டமாகத் தெரிவதில்லை.

இதற்கெல்லாம் தலைவர் டாக்டர் மணவாளன். ‘கைராசி மணவாளன்’ என்று கவரைப்பேட்டையிலிருந்து ஆரம்பாக்கம் வரை பேர். தேசப்பனின் வலது மணிக்கட்டில் ஊசி போட்டு, ரத்தக்குழாய் வழியாக மெல்லிய கம்பியை நெஞ்சுவரை அனுப்பி, அடைப்பைத் திறந்து ஸ்டென்ட் வைத்தார். அந்த வேலையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. நெஞ்சுவலி போயே போய்விட்டது.

கம்பியை எடுத்த பிறகு மணிக்கட்டில் ஒரு ஓட்டை இருக்குமல்லவா? அதில் ரத்தம் வராமல் அழுத்திப் பிடிக்கக் காற்றடைத்த பிளாஸ்டிக் பட்டை ஒன்றைக் கட்டுவார்கள். மற்ற ஊரில் எல்லாம் நர்ஸே கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை இறக்கிக் கழற்றிவிடுவாராம். அமுதநாடியில் அப்படி இல்லை. அங்கே அந்தப் பட்டைக்கு ‘இதயக் காப்பு’ என்று பெயர் சூட்டி, அவிழ்ப்பதையும் ஒரு வைபவமாக்கி வைத்திருந்தார்கள். மணவாளனே நேரில் வந்து தன் கைராசிக் கையால் அவிழ்ப்பார், பக்கத்தில் குடும்பத்தார் நிற்பார்கள், போட்டோ எடுத்து முகநூலில் போடுவார்கள்.

“அண்ணா, காப்பு கட்டிக்கீது,” என்றாள் நர்ஸ் பிரின்சி. “சார் வந்துதான் அவுப்பாரு. அதுவரைக்கும் யாரும் தொடக் கூடாது. செரியா?”

தேசப்பன் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாகத் தலையாட்டினான். அவன் ஆடி தவறாமல் அம்மனுக்குக் காப்பு கட்டிக்கொள்கிறவன். காப்பு கட்டினால் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது, கவுச்சி தொடக் கூடாது, கூழ் ஊற்றி முடித்துப் பூசாரி அவிழ்க்கிற வரைக்கும் கட்டினது கட்டினதுதான். நடுவில் அவிழ்த்தால் குடும்பத்துக்கே ஆகாது. மஞ்சள் கயிற்றுக்கே அப்படியென்றால், இதயத்துக்கென்று கட்டிய காப்பு எப்படி இருக்கும்?

சாயங்காலத்துக்குள் முன்னங்கை கல் மாதிரி ஆகிவிட்டது. விரல்கள் மரத்து, பிறகு எரிந்து, பிறகு மறுபடி மரத்தன. மனைவி விக்டோரியா போர்வையை விலக்கிப் பார்த்துப் பதறிப் போனாள்.

“யோவ், கை பூரி மாரி உப்பிக்கீதுயா! வெரலு நீலமாவுது. அத்தக் கயட்டிப் போடு.”

“சும்மா இருமே. காப்பு அது. அவுக்கக் கூடாது.”

“நீ அவுக்க வாணாம். நான் அவுக்குறேன். நான் சர்ச்சுக்குப் போறவ, எனுக்கு இன்னா ஆயிடும்?”

“உனுக்கு ஒண்ணியும் ஆவாது. எனுக்குத்தான் நெஞ்சுல வெச்சது பிச்சிக்கும்,” என்று சொல்லி, காப்புக் கையை மறு கையால் மூடிக்கொண்டான்.

பிரின்சி வந்து நெஞ்சுத் துடிப்பு ஓடுகிற திரையைப் பார்த்தாள். இதயம் நார்மல். கையைப் பார்த்தாள், அவள் முகம் மாறியது. போனில் கூப்பிட்டாள். பெரிய டாக்டர் கீழே அரங்கத்தில் வெளியூர் டாக்டர்களுக்கு உரை நிகழ்த்திக்கொண்டிருக்கிறார், தொந்தரவு செய்யக் கூடாது என்று பதில் வந்தது. உரையின் தலைப்பு ‘கைவழி இதய சிகிச்சை: சிக்கலே இல்லாத பாதை’. தலைப்பு பெரியது என்பதால் உரையும் பெரியதாகப் போய்க்கொண்டிருந்தது.

“நீயே அவுத்துடும்மா,” என்றாள் விக்டோரியா.

“நான் தொட்டா என் வேல போயிடும்கா,” என்றாள் பிரின்சி. அவள் கண் கலங்கியிருந்தது. ஆனால் கை நீளவில்லை.

மணவாளன் வந்தார். கேமராவும் வந்தது. காப்பு அவிழ்ந்தது. “விரலை நீட்டிக் காமிங்க, போட்டோவுக்கு நல்லா இருக்கும்” என்றார் படம் எடுக்கிறவர். விரல்கள் நீளவில்லை, பாதி மடங்கியபடியே நின்றன. மணவாளன் திரையைப் பார்த்து “எக்ஸலன்ட்!” என்று சொல்லிவிட்டு அடுத்த காப்பை அவிழ்க்கப் போனார்.

வீட்டுக்கு வந்தும் கை வரவில்லை. ஆள் வந்துவிட்டான், வலது கை அமுதநாடியிலேயே தங்கிவிட்டது. உள்ளே ரத்தம் கட்டிய வீக்கம் வடிந்த பிறகும் விரல்கள் கொக்கி மாதிரி வளைந்தே இருந்தன. சூடான சொம்பைப் பிடித்து, தோல் வெந்து கொப்புளம் கண்ட பிறகுதான் சுட்டது தெரிந்தது. அதே கையில், சுடாத நேரத்தில், நெருப்பு வைத்தாற்போல் வலித்தது. வாழ்நாள் முழுவதும் சோத்தாங்கையால் சாப்பிட்டவன் பீச்சாங்கையால் சோறு அள்ள மாட்டேன் என்று அடம்பிடித்தான். விக்டோரியா பிசைந்து ஊட்டினாள். ஊட்டும்போது அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு மென்றான்.

அமுதநாடிக்குத் திரும்பிப் போனார்கள். வாசலில் “இதய வணக்கம்” என்றாள் வரவேற்புப் பெண். தேசப்பன் இடது கையால் வலது கையைத் தூக்கி நெஞ்சில் வைத்தான். அது நழுவி விழுந்தது. மறுபடி தூக்கி வைத்தான். மூன்றாம் முறை விக்டோரியா பிடித்துக்கொண்டாள். வணக்கம் ஏற்கப்பட்டது.

நோயாளர் மகிழ்ச்சி அலுவலர் என்ற பதவியில் அன்புசெல்வன் என்றொருவர் இருந்தார். இஸ்திரி கலையாத சட்டை, இஸ்திரி கலையாத சிரிப்பு.

“ஐயா, உங்க இதயம் எப்படி இருக்கு?”

“அது நல்லா கீது சார். கைதான்...”

“இதயம் நல்லா இருக்கு. ரொம்ப சந்தோஷம்.” கணினியில் அதைத் தட்டிக்கொண்டார். “கை எங்க துறை இல்லைங்க. எங்களைப் பொறுத்தவரைக்கும் கைங்கறது ஒரு வழி. நீங்க சென்னைக்குப் போறீங்க, ஹைவேல போறீங்க. போய்ச் சேர்ந்தாச்சு. அப்புறம் ரோட்டுல பள்ளம்னு சென்னைகிட்ட போயி புகார் குடுப்பீங்களா?”

“உங்க லாரி போயிதான சார் பள்ளமாச்சு?” என்றாள் விக்டோரியா.

‘நோயாளியின் மனைவி சாலைப் போக்குவரத்தில் ஆர்வம் காட்டினார்’ என்று தட்டிக்கொண்டார் அன்புசெல்வன். பிறகு பொறுமையாக விளக்கினார். அமுதநாடியில் சிக்கல் என்பது இதயத்துக்குள் நடந்தால்தான் சிக்கல். இதயத்துக்கு வெளியே நடப்பதற்கு ‘வழி அனுபவம்’ என்று பெயர். இதுவரை ஆயிரம் பேருக்கு வைத்தியம் செய்து சிக்கல் பூஜ்யம். வழி அனுபவங்களை யாரும் கணக்கெடுப்பதில்லை. அவை அந்தரங்கமானவை.

சென்னைக்கு ரயிலேறிப் பெரிய அரசு மருத்துவமனைக்குப் போனார்கள். நரம்பு டாக்டர் குணசுந்தரிக்கு முன்னால் கூட்டம் முட்டிக்கொண்டு நின்றது. ஆனாலும் அவர் கையைக் கையில் எடுத்துப் பார்த்தார். ஊசியால் குத்திப் பார்த்தார், விரல் விரலாக மடக்கி நீட்டிப் பார்த்தார். தேசப்பனுக்கு அழுகை வந்துவிட்டது. அவ்வளவு நாளில் அந்தக் கையைத் தொட்டுப் பார்த்த முதல் டாக்டர் அவர்தான்.

“உள்ள ரத்தம் கட்டி, நரம்பை நசுக்கியிருக்கு. திறந்து நரம்பை விடுவிக்கணும். சீக்கிரம் பண்ணா கொஞ்சமாவது திரும்ப வரும். தள்ளிப் போட்டா கை இப்படியே நின்னுடும்ப்பா.”

“இன்னிக்கே பண்ணிடும்மா,” என்றாள் விக்டோரியா.

“அங்கதான் பிரச்சினை. ஸ்டென்ட் வெச்சதால ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறாரு. அதை நிறுத்தாம அறுத்தா ரத்தம் நிக்காது. நானா நிறுத்தினா ஸ்டென்ட் அடைச்சுக்கும். அங்க எதை, எங்க வெச்சாங்க, எப்படி மாத்திரையைக் குறைக்கலாம்னு ஸ்டென்ட் வெச்ச டாக்டர் ஒரு வரி எழுதித் தரணும். ஒரே ஒரு வரி. வாங்கிட்டு ஓடி வாங்க.”

ஓடித்தான் வந்தார்கள். ஆனால் அமுதநாடியில் ரத்தம் அதன் வேகத்தில்தான் ஓடும்.

மணவாளனின் அறை அன்புசெல்வனின் அறைக்கு அடுத்த கதவு. ஆனால் அந்த வால்வு இந்தப் பக்கத்திலிருந்து திறக்காது. தேசப்பன் கதவை இடது கையால் தள்ளியதும் செக்யூரிட்டி ஓடி வந்தார்.

“இன்னா நைனா, ரத்தம் எங்கனா ரிவர்ஸ்ல போவுமா? சுத்திக்கினு வா.”

சுற்றிக்கொண்டு போனார்கள். வலது கீழறை, நுரையீரல் எனப்படும் கேன்டீன், இடது மேலறை, இடது கீழறை. இடது கீழறையில் யாரும் பணம் கட்டாமல் கடக்க முடியாது என்பதால் எதற்கென்று தெரியாமல் ஒரு தொகை கட்டினார்கள். அறையை அடைந்தபோது மணவாளன் கிளம்பிவிட்டிருந்தார். மறுநாளும் சுற்றினார்கள். அதற்கு மறுநாள் தேசப்பன் சுற்றும்போது முன்னால் போய்க்கொண்டிருந்த இன்னொருவனைப் பார்த்தான். அவனும் வலது கையை இடது கையால் ஏந்திக்கொண்டு நடந்தான். நின்று பேசலாமென்றால் தேங்கினால் அடைப்பாகிவிடும் என்று செக்யூரிட்டி இருவரையும் நகர்த்திவிட்டார்.

கடைசியில் விக்டோரியா வலது மேலறையின் நடுவில் உட்கார்ந்து சத்தமாக ஜெபம் செய்ய ஆரம்பித்தாள். காத்திருந்த நோயாளிகளும் சேர்ந்துகொண்டார்கள். உடனே ஒரு குழு அமைக்கப்பட்டது.

குழுவில் ஒரு இதய டாக்டர், ஒரு வக்கீல், கட்டடத்தை வரைந்த பொறியாளர். கையைப் பற்றித் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. அதுதான் நடுநிலைமை என்று வக்கீல் சொன்னார். தேசப்பனின் கையை மேசை மேல் வைக்கச் சொன்னார்கள். விக்டோரியா தூக்கி வைத்தாள். மூவரும் தொடாமல் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். பிறகு வக்கீல் வாசித்தார்:

“கை உடலோடு இணைந்திருப்பது நேரில் உறுதி செய்யப்பட்டது. விரல்களின் எண்ணிக்கையில் குறைவில்லை. காப்பு என்ற சொல்லை நோயாளி தமது மத நம்பிக்கையின்படி புரிந்துகொண்டு, வலியைச் சகித்ததே நிலைமைக்குக் காரணம். மூடநம்பிக்கைக்கு மையம் பொறுப்பேற்க இயலாது.”

“அந்தப் பேரு வெச்சது நீங்கதான சார்?” என்றான் தேசப்பன்.

“நாங்க வெச்சது பிராண்டு,” என்றார் வக்கீல். “நீங்க புரிஞ்சுக்கிட்டது பக்தி.”

“சார், மன்னிச்சுக்குங்க சார். தப்பு எம்மேலயே இருக்கட்டும் சார். ஒரு வரி மட்டும் எழுதிக் குடுத்துடுங்க. கைக்கு ஆபரேசன் பண்ணிக்கலாமான்னு.”

வக்கீல் வருத்தத்தோடு தலையாட்டினார். “கைன்னு எழுதணும்னா கை இருக்கறதை ஒத்துக்கணும். கை இருக்கறதை ஒத்துக்கிட்டா அதுக்கு ஒண்ணு ஆனதையும் ஒத்துக்கணும். எங்க கையைக் கட்டிப் போடாதீங்க.”

இந்த இடத்தில் தேசப்பன் சிரித்துவிட்டான் என்று விக்டோரியா பின்னால் சொன்னாள். அவளுக்குப் பயமாக இருந்ததாம். கல்யாணமான நாளிலிருந்து அவன் அப்படிச் சிரித்துப் பார்த்ததில்லையாம்.

கம்பெனிக்கும் போய்ப் பார்த்தான். சூப்பர்வைசர் சுப்பராயன், வீட்டுக்கு அனுப்பும்போது அமுதநாடி கொடுத்த தாளைப் படித்துவிட்டு, “ஃபுல் ஃபிட்டுன்னு எழுதிக்கீதே. அப்பால இன்னா லைட் டூட்டி கேக்குற? போயி மெஷினப் புடி” என்றார். தேசப்பன் மெஷின் முன்னால் நின்றான். இடது கை பட்டனை அழுத்தியது. வலது கை பட்டனின் மேல் கிடந்தது, அவ்வளவுதான். மெஷின் அசையவில்லை. எத்தனை தடவை அழுத்தினாலும் அதற்கு ஒற்றைக் கை போதவில்லை. அமுதநாடிக்குத் தெரியாத ஒன்று அந்த இரும்புக்குத் தெரிந்திருந்தது. இந்த மாசத்துக்குள் வந்து ஓட்டாவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவோம் என்றார் சுப்பராயன், கெட்டவர் போலெல்லாம் இல்லாமல், மெதுவாகத்தான்.

அன்று வீட்டில் தேசப்பன் உள்ளங்கை இரண்டையும் மடியில் விரித்துப் பார்த்தான். இடது கையில் காப்புக் காய்த்த இடம் அப்படியே கெட்டியாக இருந்தது. வலது கையில் அது உரிந்து, அடியில் குழந்தைக்கு மாதிரி இளந்தோல் வந்திருந்தது. விக்டோரியா பார்த்துவிடக் கூடாதென்று துண்டைப் போட்டு மூடினான். அவள் அதற்கு முன்பே பார்த்துவிட்டிருந்தாள்.

இந்த நேரத்தில்தான் அன்புசெல்வன் போன் செய்தார். குரலில் தேன் வழிந்தது. தேசப்பன்தான் அமுதநாடியின் ஆயிரமாவது கைவழி இதயமாம். கணக்குப் பார்த்ததில் தெரிந்ததாம். ‘ஆயிரம் இதயத் திருவிழா’வில் அவனை மேடையேற்றப் போகிறார்களாம். மேடையில் மணவாளனைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டால் போதும், சார் மனம் குளிர்ந்து அந்த ஒரு வரியை அன்றைக்கே எழுதித் தந்துவிடுவார்.

“ரெண்டு கையாலயும் கும்புடணுமா சார்?” என்றான் தேசப்பன்.

“கும்பிடறதுன்னா ரெண்டு கைதானங்க?”

“அதான சார் என்னால முடியல.”

“அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம். நீங்க வந்தா போதும்.”

பைபாஸ் ஓரத்து மண்டபத்தில் விழா. மேடைக்குப் பின்னால் ஓர் அறையில் தேசப்பனை உட்கார வைத்து, மடங்கிய விரல்களை ஒவ்வொன்றாக நீட்டி, தோல் நிறத்துப் பிளாஸ்திரியால் இடது கை விரல்களோடு சேர்த்து ஒட்டினார்கள். ஒவ்வொரு விரலை நீட்டும்போதும் முழங்கை வரை நெருப்பு ஓடியது. உணர்ச்சியே இல்லாத கைக்கு வலி மட்டும் எங்கிருந்து வருகிறதென்று அவனுக்கு இன்னமும் விளங்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டான். ஒரு வரி, ஒரே ஒரு வரி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டான். கடைசியில் இரண்டு மணிக்கட்டையும் சேர்த்து ஒரு பட்டு நாடாவால் இறுக்கிக் கட்டி, தெரியாமலிருக்க மேலே மல்லிகைச் சரம் சுற்றினார்கள்.

“இதுதான் எங்க புது வடிவமைப்பு,” என்றார் அன்புசெல்வன். “இரட்டை இதயக் காப்பு.”

மேடையில் மணவாளன் பேசினார்.

“எல்லாரும் என் கையைப் புகழறாங்க. கைராசிங்கறாங்க. நான் ஒண்ணு சொல்றேன். என் கையை மட்டும் பாருங்க, உங்க கையைப் பார்க்காதீங்க. கை இல்லாம வாழ்ந்தவங்க உலகத்துல உண்டு. இதயம் இல்லாம வாழ்ந்தவங்க உண்டா?” கைதட்டல். “முன்னாடி தொடை வழியா போனோம். தொடையில பிரச்சினைன்னாங்க. கைக்கு மாறினோம். நாளைக்குக் கையிலயும் பிரச்சினைன்னா காது வழியா போவோம். பாதையை மாத்துவோமே தவிர, திரும்பிப் பார்க்க மாட்டோம்!” மறுபடி கைதட்டல். “ஒருத்தர் எங்கிட்ட வந்து வலிக்குதுன்னார். நான் கேட்டேன், வலி யாருக்குத் தெரியும்? உயிரோட இருக்கறவனுக்கு. அவரை உயிரோட வெச்சது யார்? நாங்க. ஆகவே அந்த வலி எங்களோட வெற்றி.”

மண்டபமே எழுந்து நின்று தட்டியது. தேசப்பனைத் தள்ளிவிட்டார்கள். அவன் ஒட்டிய கைகளோடு போய் மணவாளன் முன்னால் நின்றான். விளக்குகள் மின்னின. கன்னத்தில் வழிந்த கண்ணீரைத் துடைக்க அவனுக்குக் கை இல்லை. நன்றிக் கண்ணீர் என்று ஒலிபெருக்கி சொன்னது.

விழா முடிந்ததும் ஓர் உறையை விக்டோரியாவிடம் கொடுத்துவிட்டு எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்கள். தேசப்பனின் கைகள் கட்டியபடியே இருந்தன.

“யாருனா இத்த அவுத்து வுடுங்கபா,” என்றான்.

அங்கே மேசை துடைத்துக்கொண்டிருந்த ஊழியர் தயங்கினார். “சார் வந்துதான் அவுக்கணும். சார் கெளம்பிட்டாரே.”

விக்டோரியா யாரையும் கேட்கவில்லை. மல்லிகைச் சரத்தைப் பிய்த்தெறிந்தாள். நாடா முடிச்சு அவிழவில்லை என்றதும் குனிந்து பல்லால் கடித்து அறுத்தாள். இந்தத் தடவை தேசப்பன் அவளைத் தடுக்கவில்லை. அந்த ஒரு நோய் மட்டும் அவனுக்கு அமுதநாடியில் குணமாகியிருந்தது.

மறுநாள் முதல் ரயிலில் சென்னைக்குப் போய் உறையை டாக்டர் குணசுந்தரியிடம் நீட்டினார்கள். அவர் பிரித்தார். ஒரு வரிதான் கேட்டார்கள், அமுதநாடி தாராளமாக மூன்று வரி எழுதியிருந்தது. அவர் சத்தமாகவே வாசித்தார்.

“நோயாளியின் இதயம் நன்றாக உள்ளது. விழா மேடையில் அவர் இரு கைகளையும் முழுமையாகக் கூப்பி வணங்கியதை ஆயிரக்கணக்கானோர் கண்டுள்ளனர்; புகைப்படம் இணைக்கப்பட்டுள்ளது. எனவே கைக்கு அறுவை சிகிச்சை எதுவும் தேவையில்லை என்பதால், மாத்திரையை நிறுத்த அனுமதிக்க இயலாது.”

டாக்டர் படத்தைப் பார்த்தார், எதிரில் மேசை மேல் கிடந்த கையைப் பார்த்தார்.

“இதை வெச்சுக்கிட்டு நான் ஆபரேஷன் தியேட்டர் கேட்டா என்னையே திருப்பிக் கேப்பாங்கம்மா,” என்றார் மெல்ல. “எங்க இதய டாக்டர்கள்ட்ட நான் பேசிப் பாக்கறேன். ஆனா என்ன வெச்சாங்கன்னு அந்த விவரம் இல்லாம அவங்களும் தயங்குவாங்க. இன்னொரு தடவை போய்க் கேளுங்க. நாள் ரொம்ப இல்லை.”

கும்மிடிப்பூண்டியில் இறங்கி, அமுதநாடிப் பக்கம் போகிற டவுன் பஸ்ஸில் ஏறினார்கள். பெண்களுக்கு டிக்கெட் இல்லாத பஸ் என்பதால் விக்டோரியா முன்னால் போய் நின்றுகொண்டாள். பைபாஸ் திருப்பத்தில் பஸ் நின்றது. ஜன்னலுக்கு வெளியே வானத்தை மறைத்துக்கொண்டு புது பேனர். கண்ணீரோடு, இரண்டு கையும் அழகாகக் கூப்பியபடி, பத்து ஆள் உயரத்துக்குத் தேசப்பன். கீழே, ‘ஆயிரம் இதயம். சிக்கல் பூஜ்யம்.’

கண்டக்டர் வந்தார். தேசப்பன் இடது கையால் நோட்டை நீட்டினான்.

கண்டக்டர் வாங்கவில்லை. “காசப் போயி பீச்சாங்கையால நீட்றியே, சோத்தாங்கையால குடுயா,” என்றவர், அவன் முகத்தையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தார். “யோவ், அது நீதான? பெரிய டாக்டருக்கு மட்டும் ரெண்டு கையும் நல்லா வருது. எங்களப் பாத்தா உனுக்கு எளக்காரமா கீதா?”

பஸ்ஸில் இரண்டொருவர் சிரித்தார்கள். தேசப்பன் நோட்டை வாயில் கவ்விக்கொண்டு, இடது கையால் வலது கையை மடியிலிருந்து தூக்கினான். வளைந்த விரல்களுக்கு நடுவே நோட்டைச் செருகினான். மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்து, மரியாதையாக, சோத்தாங்கையால் நீட்டினான். நோட்டு நழுவிக் கீழே விழுந்தது. விழுந்தது அவனுக்குத் தெரியவில்லை. வெறுங்கையை நீட்டியபடியே இருந்தான்.

கண்டக்டர் குனிந்து எடுத்தார். நிமிரும்போது அந்தக் கை அவர் முகத்துக்கு நேராக இருந்தது. உரிந்த தோல், கொக்கி விரல், கொப்புளத் தழும்பு. மறுபடி பேனரைப் பார்த்தார். ஊத எடுத்த விசில் கையிலேயே நின்றது.

“இன்னாபா... இன்னா ஆச்சு கைக்கு?”

அமுதநாடியின் அத்தனை அறைகளிலும் வால்வுகளிலும் ஒருவர்கூட அவனிடம் கேட்காத கேள்வி அது. தேசப்பனுக்கு எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. கடைசியில் ஒரு வார்த்தைதான் வந்தது.

“காப்பு கட்னாங்கண்ணா.”

கண்டக்டர் தலையாட்டினார். “செரி, எப்ப அவுப்பாங்க?” என்று கேட்டார்.